'பரையா' என்றோர் ஆங்கிலச் சொல்

ஆங்கிலத்தில் உலகச் செய்திகளைப் படிப்பவர்கள் 'பரையா' என்ற சொல்லை அடிக்கடி சந்தித்திருப்பார்கள். அணு ஆயுதச் சோதனை நடத்திப் பொருளாதாரத் தடைக்கு உள்ளாகும் நாடு 'பரையா ஸ்டேட்'. ஊக்கமருந்து உட்கொண்டு பிடிபட்ட விளையாட்டு வீரர் 'பரையா'. முதலீட்டாளர்களின் பணத்தை விழுங்கிய நிதி நிறுவன அதிபர், நண்பர்களெல்லாம் கைவிட்ட நாளில் 'பரையா'. பத்திரிகையாளர் ஜமால் கஷோகி 2018 அக்டோபரில் இஸ்தான்புல்லில் கொல்லப்பட்டதைக் கண்டித்து, சவூதி அரேபியாவை உலகில் அத்தகைய நிலைக்குத் தள்ளப்போவதாக 2019 நவம்பரில் ஜோ பைடன் தேர்தல் விவாத மேடையில் அறிவித்தபோது பயன்படுத்தியதும் இதே சொல்தான். 2022 ஜூலையில் அவரே அதிபராக ஜித்தாவுக்குச் சென்றபோது, உலகப் பத்திரிகைகள் அனைத்தும் அந்தச் சொல்லை மீண்டும் எடுத்து அச்சிட்டன.

ஆங்கிலத்துக்குத் தமிழ் வழங்கிய சொற்களைப் பட்டியலிடுவதில் நமக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி உண்டு. கட்டுமரம் 'காட்டமரான்' ஆயிற்று, சுருட்டு 'செரூட்' ஆயிற்று, மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆயிற்று என்று பள்ளிக் கட்டுரைகளிலும் மேடைகளிலும் சொல்லிப் பூரிக்கிறோம். ஆனால், அவற்றைவிடப் பல மடங்கு அதிகமாக உலகமெங்கும் புழங்கும் 'பரையா' அந்தப் பட்டியலில் இடம்பெறுவது அரிது. பறையர் என்ற சமூகப் பெயரே அந்தச் சொல்லின் மூலம் என்பதால் நேர்ந்த தயக்கம் அது. அந்தத் தயக்கத்தில் வெட்கம் இருக்கிறது. ஆனால், யார் எதற்காக வெட்கப்பட வேண்டும் என்பதில்தான் நமக்குக் குழப்பம்.

எனக்கும் அந்தக் குழப்பம் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றினேன். நிறவெறி ஆட்சிக் காலத் தென்னாப்பிரிக்காவைப் பற்றிய ஒரு கட்டுரை ஒருநாள் இரவு என்னிடம் வந்தது. அதில் அந்த நாடு 'பரையா ஸ்டேட்' என்று குறிப்பிடப்பட்டிருந்தது. அகராதியைப் பார்த்துவிட்டு 'தீண்டத்தகாத நாடு' என்று எழுதினேன். பொருத்தமான மொழிபெயர்ப்பு என்ற நிறைவும் இருந்தது. மெய்ப்புத் திருத்தும் பெரியவர் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, இந்த நாடு செஞ்ச தப்பு என்ன?"

"கறுப்பர்களை ஒதுக்கி வச்சதுங்க ஐயா."

"ஒதுக்கி வச்சவனுக்கு எதுக்குப்பா ஒதுக்கப்பட்டவன் பேரு?"

அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. தாம் பிறந்த சமூகம் எது என்று அவர் சொன்னதுமில்லை, நான் கேட்டதுமில்லை. அந்த வரியை 'உலக நாடுகளால் விலக்கிவைக்கப்பட்ட நாடு' என்று திருத்திக் கொடுத்தேன். அன்று தொடங்கி, இந்தச் சொல் எங்கிருந்து புறப்பட்டு எவ்வாறு இந்தப் பொருளுக்கு வந்து சேர்ந்தது என்பதைத் தேடிப் படித்து வந்திருக்கிறேன். அவர் கேட்ட கேள்விக்கான விடை அந்த வரலாற்றில் இருக்கிறது.

பறை என்பது பழந்தமிழில் தோற்கருவிகளுக்கான பொதுப்பெயர். ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைத் தொல்காப்பியம் வகுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் சேர்க்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என உரையாசிரியர்கள் விரித்துரைப்பார்கள். பறையில்லாத நிலமே கிடையாது என்பது இதன் பொருள். திருப்பாவையில் ஆண்டாளின் ஆயர் சிறுமியர் நோன்பிருந்து கண்ணனிடம் கேட்டுப் பெற விரும்புவதும் பறையைத்தான். அதற்கு வைணவ உரையாசிரியர்கள் இறைத்தொண்டு என்று உட்பொருள் கண்டார்கள்.

பறை என்ற வேருக்குச் சொல்லுதல் என்ற பொருளும் உண்டு. மலையாளிக்குப் 'பறயுக' என்றால் பேசுவது. யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் பறைதல் என்பது பேசுவதையே குறிக்கும். முழக்குவதும் உரைப்பதும் ஒரே சொல்லுக்குள் இருந்திருக்கின்றன. அரசாணையை ஊருக்கு அறிவிப்பது பறையறைதல். இன்றுகூட நம் நாளிதழ்களில் ஒரு சாதனையைப் பெருமையோடு குறிப்பிட வேண்டுமானால் 'உலகுக்குப் பறைசாற்றியது' என்றே எழுதுகிறோம். வினைச்சொல்லில் பெருமையும் பெயர்ச்சொல்லில் இழிவும் எப்படி வந்து தங்கின என்று எழுதும் கை யோசிப்பதில்லை.

புறநானூற்றின் 335ஆம் பாடல், மாங்குடி கிழார் பாடியது, ஒரு சிற்றூரின் குடிகளாகத் துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நால்வரைச் சொல்கிறது. அங்கே அந்தப் பெயருக்கு எந்த இழிவும் இல்லை; சொல்லப்போனால், இந்நால்வரை விட்டால் வேறு குடியே இல்லை என்று சிறப்பிக்கும் தொனியே இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டுக்கு வரும்போது காட்சி மாறிவிடுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் வரிவிலக்குப் பெற்ற ஊர்நிலங்களைக் கணக்கிடும்போது, ஊர்நத்தத்தையும் குளத்தையும் சுடுகாட்டையும் குறிப்பிடுவதோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்பவற்றையும் தனித்தனியாகக் குறிக்கின்றன. குடி என்றிருந்தவர்கள் சேரிக்கு உரியவர்கள் ஆகிவிட்டார்கள். ஐரோப்பியர்கள்தான் இந்தச் சொல்லுக்கு இழிவு ஏற்றினார்கள் என்று பழியை அவர்கள்மீது மட்டும் போடுவோர் இந்தக் கல்வெட்டுகளைப் படிக்க வேண்டும். ஒரு கப்பல்கூட அப்போது கோழிக்கோட்டுக்கு வந்திருக்கவில்லை. ஒதுக்குதலை நாம் செய்து முடித்தோம். அதைப் பார்த்துவிட்டுப் போய் அகராதியில் எழுதியவர்கள் அவர்கள்.

அதிலும்கூட ஒற்றைப்படையான சித்திரம் கிடைப்பதில்லை. திருவாரூர்த் தியாகராசர் திருவிழாவில் பறையர் தலைவர் யானைமீது ஏறி இறைவனுக்குச் சாமரம் வீசும் உரிமை பெற்றிருந்ததை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுப்பு பதிவுசெய்திருக்கிறது. வலங்கைப் பிரிவில் அவர்கள் முக்கியமான இடம் வகித்தார்கள். ஒரே சமூகத்தை ஒரு நாள் யானைமேல் ஏற்றி, மற்ற நாள்களில் தெருவுக்குள் விடாமல் வைத்திருந்த ஊர் நம்முடையது.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலபார்க் கரையில் பணியாற்றிய போர்த்துக்கீசியர் துவார்த்தே பார்போசா, தாம் கண்ட மக்களைப் பற்றி எழுதிய நூலில் இந்தப் பெயரைக் குறித்துவைத்தார். தமிழின் வல்லின றகரம் அவர்கள் நாவில் ரகரமாயிற்று. 'பறையர்' என்ற பன்மையின் இறுதி மெய் தேய்ந்து 'பாரியா' ஆயிற்று. சாமுவேல் பர்ச்சஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1613இல் தொகுத்து வெளியிட்ட பயணநூல் வழியாக அது ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அப்போது அது ஒரு சமூகத்தின் பெயர் மட்டுமே. ஆனால், இந்தியாவுக்கு வந்துபோன ஐரோப்பியர்களிடம் ஒரு தவறான புரிதல் வேரூன்றியது. எந்தச் சாதியிலிருந்தும் குற்றம் செய்து விலக்கப்பட்டவர்கள் எல்லாரும் சேர்ந்து உருவான கூட்டமே பறையர் என்று அவர்கள் எண்ணிக்கொண்டார்கள். அதாவது, ஒதுக்கப்பட்டிருக்கிறார்கள் என்றால் ஏதோ தவறு செய்திருக்க வேண்டும் என்ற ஊகம்.

இது பிழை என்று அந்தக் காலத்திலேயே எடுத்துக்காட்டியவர்களும் ஆங்கிலேயர்களே. ஹென்றி யூலும் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி, இது தமிழ்நாட்டின் மிகப் பெரிய சமூகங்களுள் ஒன்றின் பெயர் என்றும், பறை என்ற முழவின் பெயரிலிருந்து வந்தது என்றும், சாதியிழந்தவர் என்ற பொருளில் ஐரோப்பியர் வழங்குவது தவறு என்றும் விளக்குகிறது. ஆனால், அகராதி எழுதியவர்களால் வழக்கை நிறுத்த முடியவில்லை. அதே அகராதியில் மட்டமான, உடலுக்குக் கேடு விளைக்கும் சாராயத்துக்கு 'பரையா சாராயம்' என்ற பெயர் இருந்ததும் பதிவாகியிருக்கிறது. தெருவில் உடைமையாளரின்றித் திரியும் நாய் 'பரையா நாய்' ஆயிற்று. ஊர்மேல் வட்டமிட்டுக் கழிவுகளைக் கொத்தியெடுக்கும் கரும்பருந்து, பறவை நூல்களில் 'பரையா கைட்' ஆயிற்று. ஒரு மனிதக் கூட்டத்தின் பெயரை நாய்க்கும் பருந்துக்கும் சாராயத்துக்கும் அடைமொழியாக்கிய காலனியப் பங்களாக்களின் பேச்சு, அப்படியே அச்சேறி நூலகங்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பிரான்சில் இதே சொல்லுக்கு வேறொரு வாழ்க்கை கிடைத்தது. என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றில் அதுவே மிகச் சுவையான பகுதி. பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த 1791இல் பெர்னார்தன் த சேன்-பியேர் என்ற எழுத்தாளர் 'இந்தியக் குடிசை' என்றொரு சிறுகதை நூலை வெளியிட்டார். உண்மையைத் தேடி உலகெங்கும் அலையும் ஓர் ஆங்கிலேய அறிஞர், பூரி ஜகந்நாதர் கோயிலின் தலைமைக் குருவைச் சந்தித்தும் விடை கிடைக்காமல் திரும்புகிறார். வழியில் புயல்மழை. ஒதுங்க இடம் தேடி அவர் நுழையும் குடிசை ஒரு பறையருடையது. உடன்வந்த பரிவாரம் தீட்டுக்கு அஞ்சி வெளியே நிற்கிறது. அறிஞர் உள்ளே போகிறார். உலகத்துக் கல்விக்கூடங்கள் தராத விடை அங்கே, இயற்கையோடு வாழும் அந்த மனிதரிடம் கிடைக்கிறது. அவருடைய மனைவி, உடன்கட்டையிலிருந்து தப்பி வந்த ஓர் அந்தணக் கைம்பெண். கதையில் மிகைப்படுத்தல் நிறைய உண்டு. தமிழகத்துப் பறையரின் வாழ்க்கையை அறிய அதைப் படிக்க வேண்டியதில்லை. ஆனால், பிறப்பால் உயர்வு தாழ்வு என்பதைத் தகர்க்க முயன்றுகொண்டிருந்த ஒரு சமுதாயம், அந்தத் தகர்ப்புக்கான உருவகத்தைப் பறையரிடம் கண்டது என்பது சிறிய செய்தியன்று.

அதன்பின் 'பாரியா' ஐரோப்பிய மேடைகளில் ஏறியது. காசிமிர் தெலவீன் 1821இல் பாரிசில் அந்தப் பெயரிலேயே ஒரு சோக நாடகத்தை அரங்கேற்றினார். 1823இல் பெர்லினில் மைக்கேல் பேர் என்ற யூத நாடகாசிரியர் அதே தலைப்பில் எழுதினார். இந்துக் கதைமாந்தர்களின் உடையில் அவர் பேசியது ஜெர்மனியில் யூதர்களுக்கு மறுக்கப்பட்ட உரிமையைப் பற்றித்தான் என்பது பார்த்தவர்களுக்குப் புரிந்தது. அதே காலத்தில் கோதே எழுதிய 'பாரியா' என்ற மூன்று கவிதைகளின் தொகுப்பு நமக்கு இன்னும் நெருக்கமானது. வெட்டுண்ட அந்தணப் பெண்ணின் தலை ஒரு பறையர் பெண்ணின் உடலோடு ஒட்டப்பட்ட கதையை, பயணநூல்கள் வழியே அறிந்து அவர் கவிதையாக்கினார். நம் கிராமங்களில் ரேணுகாதேவியின் கதையாக, மாரியம்மன் வரலாறாக உடுக்கடித்துப் பாடப்படும் அதே கதை.

புளோரா திரிஸ்தான் என்ற பிரெஞ்சுப் பெண்மணி கொடுமைக்காரக் கணவரைப் பிரிந்து வாழ்ந்தவர். பிரான்சில் 1816இல் மணவிலக்கு உரிமை ஒழிக்கப்பட்டிருந்ததால் சட்டப்படி விடுபட வழியில்லை. தந்தைவழிச் சொத்தைக் கேட்டு 1833இல் பெரு நாட்டுக்குக் கப்பலேறினார். அந்தப் பயண அனுபவங்களை அவர் 1838இல் நூலாக வெளியிட்டபோது, தம்மை 'பாரியா' என்று தலைப்பிலேயே அழைத்துக்கொண்டார். (ஓவியர் பால் கோகேன் இவருடைய மகளின் மகன்.) இருபதாம் நூற்றாண்டில் சமூகவியலறிஞர் மாக்ஸ் வேபர் யூதர்களைப் 'பாரியா மக்கள்' என்று வகைப்படுத்தினார். நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சென்ற ஹன்னா ஆரெண்ட் 1944இல் எழுதிய கட்டுரையில், யூதர்களில் தங்களை ஒதுக்கிய சமுதாயத்தின் கதவைக் கெஞ்சித் தட்டாமல், ஒதுக்கப்பட்ட நிலையில் நின்றுகொண்டே அந்தச் சமுதாயத்தை விசாரித்தவர்களை இந்தச் சொல்லால் பெருமைப்படுத்தினார்.

இவர்கள் அனைவரிடமும் ஒன்று பொதுவாக இருந்தது. பாரியா என்று அவர்கள் எழுதியபோது, குற்றம் பாரியாவிடம் இல்லை, ஒதுக்கியவரிடம் இருந்தது. அந்தச் சொல் ஒரு நியாயம் கேட்கும் சொல்லாக இருந்தது. தமிழ்நாட்டுப் பறையரைக் கண்ணால் கண்டிராதவர்கள், அவர்களுடைய அனுமதியைக் கேட்காமலேயே அவர்கள் பெயரை எடுத்துக்கொண்டார்கள் என்ற குறை உண்டு. ஆயினும், திசை சரியாக இருந்தது.

இன்றைய ஆங்கிலச் செய்திமொழியில் அந்தத் திசை தலைகீழாகிவிட்டது. 1970களில் பன்னாட்டு உறவுகள் பற்றிய ஆய்வெழுத்தில் 'பரையா ஸ்டேட்' என்ற தொடர் நிலைபெற்றது. ராபர்ட் ஹார்க்கவி 1977இல் எழுதிய கட்டுரை அதன் தலைப்பிலேயே இத்தொடரைக் கொண்டிருந்தது. தனித்துவிடப்பட்ட நாடுகளைக் குறிக்க எழுந்த இந்தத் தொடர், விரைவிலேயே அடாத செயல்களால் தனிமைப்பட்ட நாடு என்ற பொருளை ஏற்றுக்கொண்டது. அதற்கு முதல் எடுத்துக்காட்டாகச் சுட்டப்பட்டதே நிறவெறித் தென்னாப்பிரிக்காதான். 1946இலேயே அந்த நாட்டுடன் வணிகத் தொடர்பை முறித்துக்கொண்ட முதல் நாடு இந்தியா. ஒலிம்பிக் போட்டிகளில் 1964 முதல் 1992 வரை அதற்கு இடமில்லை. இவையெல்லாம் அந்த ஆட்சி செய்த கொடுமைக்கு உலகம் அளித்த தண்டனை. மனிதர்களைத் தோலின் நிறத்தால் பிரித்துச் சேரிகளில் அடைத்த ஓர் ஆட்சியைக் கண்டிக்க, பிறப்பால் பிரிக்கப்பட்டுச் சேரியில் அடைக்கப்பட்டவர்களின் பெயரே ஆங்கிலத்தில் கைக்குக் கிடைத்திருக்கிறது! மெய்ப்புத் திருத்திய பெரியவர் ஒரே கேள்வியில் தொட்டது இதைத்தான். பறையர் எந்தக் குற்றமும் செய்து ஒதுக்கப்பட்டவரல்லர். 'பரையா' என்ற ஆங்கிலச் சொல்லோ, செய்த குற்றத்துக்காக ஒதுக்கப்பட்டவரைக் குறிக்கிறது. பதினேழாம் நூற்றாண்டுப் பயணிகளின் தவறான ஊகம், இருபத்தொன்றாம் நூற்றாண்டுச் செய்தி நிறுவனங்களின் தலைப்புகளில் வெற்றி பெற்று நிற்கிறது.

சொல்லின் மூலத்தைத் தோண்டி இன்றைய பொருளைக் குறைகூறுவது முறையா என்று மொழியியல் கற்றவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நம் திரைப்படங்களின் 'வில்லன்' இடைக்கால ஐரோப்பாவில் பண்ணையோடு கட்டுண்டிருந்த ஏழைக் குடியானவனைக் குறித்த சொல்லிலிருந்து வந்தவன். எளியவனின் பெயர் கொடியவனின் பெயரானதற்கு அதுவும் ஒரு சான்று. பொதுச்சொத்தைச் சேதப்படுத்துபவரை 'வாண்டல்' என்பதற்குக் காரணம் கி.பி. 455இல் ரோமைச் சூறையாடிய வாண்டல் என்ற இனக்குழு. இவற்றை யாரும் இன்று எதிர்ப்பதில்லை. ஏனெனில், 'நான் வாண்டல்' என்று சொல்லிக்கொள்ள இன்று ஒருவரும் உயிரோடு இல்லை. பண்ணைக் குடியானவனின் பிள்ளை அந்தப் பெயரால் பள்ளியில் கேலிக்கு ஆளாவதில்லை. அதே ஆங்கிலத்தில் ஏமாற்றுதலைக் குறிக்க 'ஜிப்' என்றொரு வினைச்சொல் இருந்தது. அது ஜிப்சிகளின் பெயரிலிருந்து வந்தது என்பதும், ரோமா மக்கள் அதனால் புண்படுகிறார்கள் என்பதும் தெரிந்தபின் பொறுப்பான எழுத்தாளர்கள் அதைத் தவிர்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

பறையர் இன்றும் வாழும் மக்கள். தமிழக அரசின் பட்டியல் சாதியினர் பட்டியலில் ஆதிதிராவிடர் என்ற பெயரோடு பறையன் என்ற பெயரும் தனியாக இருக்கிறது. அந்தப் பெயரெழுதிய சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரியில் சேரும் மாணவி, அங்கே தன் ஆங்கிலப் பாடநூலில் 'பரையா' என்ற சொல்லுக்கு 'வெறுத்து ஒதுக்கப்படத் தக்கவர்' என்ற பொருளைப் படிக்கிறாள்.

இது கற்பனையான வருத்தமன்று என்பதற்கு மலேசியா சான்று. தோட்டத் தொழிலாளர்களாகத் தமிழர்கள் சென்ற அந்நாட்டில் ஆங்கிலத்தின் வழியே மலாய் மொழிக்குள்ளும் புகுந்த 'பரையா', தமிழர்களை ஒட்டுமொத்தமாக இழித்துரைக்கும் வசைச்சொல்லாயிற்று. சாதி எதுவாயினும், கறுத்த தோலும் தமிழ்ப் பெயரும் இருந்தால் அந்த வசை வந்து விழும். அப்துல்லா ஹுசைன் 1971இல் வெளியிட்ட 'இண்டர்லோக்' என்ற மலாய் நாவலை 2011இல் ஐந்தாம் படிவ மாணவர்களுக்குப் பாடநூலாக்கியபோது, இந்தியாவிலிருந்து வந்தவர்களை அது இந்தச் சொல்லால் குறித்ததை எதிர்த்து இந்திய அமைப்புகள் போராடின. அந்த ஆண்டின் இறுதியில் நாவல் பாடத்திட்டத்திலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்தப் போராட்டத்தில் என்னை உறுத்திய ஒன்றையும் சொல்ல வேண்டும். 'எங்கள் எல்லாரையும் பறையர் என்று சொல்லலாமா' என்ற குரல்களும் அதில் ஒலித்தன. அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எதிர்த்தது சொல்லின் இழிவையா, அந்த இழிவில் தமக்கும் பங்கு வைக்கப்பட்டதையா?

இந்தப் பெயரைத் தாங்கியவர்கள் நூற்றாண்டுக்கு முன்பே அதைப் பற்றித் தமக்குள் ஆழமாக விவாதித்திருக்கிறார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ஓர் இதழைத் தொடங்கியபோது அதற்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். எந்தப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துகிறார்களோ அந்தப் பெயரிலேயே தலைநிமிர்ந்து உரிமை கேட்பது அவர் வழி. அயோத்திதாசப் பண்டிதர் அதற்கு நேர்மாறானவர். பறையர் என்பது பிறர் சுமத்திய பெயர், நாம் பூர்வ பௌத்தர் என்றார். வஞ்சகர்களின் பொய்களை ஊரறியப் 'பறைந்தவர்கள்' என்பதால் அந்தப் பெயரைச் சூட்டினார்கள் என்று ஒரு விளக்கமும் தந்தார். வரலாற்றாய்வாளர்கள் அதை ஏற்கலாம், மறுக்கலாம். உண்மையைப் பேசியவருக்கு விழுந்த பெயர் என்று அதைத் திருப்பிப் படித்த துணிவு வியக்க வைக்கிறது. 1922இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் பறையர், பஞ்சமர் என்ற பெயர்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்று வழங்குவதைச் சென்னை மாகாண அரசு ஏற்றுக்கொண்டது. ஏற்பதா, மாற்றுவதா என்ற இந்த விவாதம் அவர்களுக்கு உரியது. இன்று இளைஞர்கள் கலைமேடைகளில் பறையை விடுதலையின் இசையாக முழக்குவதும் அதன் தொடர்ச்சிதான். வெளியிலிருந்து அறிவுரை சொல்ல நமக்கு இடமில்லை. நம்முடைய வீட்டுப் பேச்சிலும் நம்முடைய செய்தித்தாளிலும் அந்தப் பெயரை நாம் எவ்வாறு கையாள்கிறோம் என்பது மட்டுமே நம் பொறுப்பு.

அந்தப் பொறுப்பில் இந்திய ஆங்கில நாளிதழ்களுக்குப் பங்கு அதிகம். இலண்டனில் உள்ள செய்தியாசிரியருக்குச் சொல்லின் பிறப்பிடம் தெரியாமல் இருக்கலாம். சென்னையிலும் தில்லியிலும் உள்ளவர்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பட்டியல் சாதியினர் ஒருவரைப் பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதை வெளிப்படையாகவே குற்றமாக்கியிருக்கிறது. தெருவில் தமிழில் சொன்னால் வழக்குப் பாயக்கூடிய வசையின் ஆங்கில வடிவம், மறுநாள் காலைத் தலையங்கத்தில் நாகரிகமான உவமையாக அமர்ந்திருக்கிறது. அங்கே குறிப்பிட்ட ஒருவரைத் திட்டவில்லை என்பதால் சட்டம் குறுக்கிடாது என்பது உண்மை. சட்டம் குறுக்கிடாத இடங்களுக்குத்தான் ஆசிரியர் குழு என்ற ஒன்று இருக்கிறது.

மாற்றுச் சொல் இல்லையா என்றால், ஆங்கிலத்திலேயே 'அவுட்காஸ்ட்' இருக்கிறது. ஒரு சமூகத்தின் பெயரைத் தொடாமல் அதே பொருளைத் தருவது. பறவையியலார் கரும்பருந்தை இப்போது 'பிளாக் கைட்' என்றே எழுதுகிறார்கள். பருந்துக்கு எந்த இழப்பும் நேரவில்லை. நாட்டு நாய்களை வளர்ப்பவர்கள் 'இண்டி' என்று செல்லமாகச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள், பழைய பெயரும் இன்னும் ஒழியவில்லை. தமிழில் எழுதும் நமக்கு இன்னும் எளிது. தனிமைப்படுத்தப்பட்ட நாடு, உலகம் விலக்கிவைத்த நாடு, தடைக்குள்ளான நாடு என்று இடத்துக்கேற்ப எழுதலாம். 'தீண்டத்தகாத நாடு' என்பதை மட்டும் எழுத வேண்டாம். தொலைக்காட்சி விவாதங்களில் 'அந்தக் கட்சி எங்களுக்குத் தீண்டத்தகாத கட்சி அல்ல' என்று தலைவர்கள் பேசுவதை வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்கிறேன். அதை எழுத்தாக்கும் செய்தியாளர்கள் அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கூட்டணிக்குக் கதவு திறந்திருக்கிறது என்பதைச் சொல்ல அவர்களுக்கு வேறு சொல்லே கிடைக்காதா?

அந்தப் பெரியவர் ஓய்வு பெற்றுப் போய் நெடுங்காலமாகிறது. அவர் திருத்திய தாளை நான் பத்திரப்படுத்தி வைக்கவில்லை. 'தீண்டத்தகாத' என்ற சொல்லை அவர் அடிக்கவில்லை என்பது மட்டும் நினைவில் இருக்கிறது. அதன் கீழே பென்சிலால் மெல்லிய கோடு ஒன்றை இழுத்து, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இட்டிருந்தார்.